தோட்டாவும் வாக்குச்சீட்டும்

கேள்வி: வேட்பாளர் ஒருவர் சுடப்பட்டுப் பிழைத்துக்கொண்டால், அவருக்கு வெற்றி உறுதிதானா?

பதில்: அனுதாப வாக்கு, அதாவது கொள்கையைப் பாராமல் வேட்பாளர் பட்ட துன்பத்துக்காக இடப்படும் வாக்கு, ஊருக்கு ஊர் வேறுபடும். 1912 அக்டோபர் 14 அன்று மில்வாக்கி நகரில் சுடப்பட்ட முன்னாள் அமெரிக்க அதிபரும் அவ்வாண்டு மீண்டும் அப்பதவிக்குப் போட்டியிட்டவருமான தியோடர் ரூஸ்வெல்ட், சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூடும் மடித்து வைத்திருந்த ஐம்பது பக்க உரையும் தோட்டாவின் வேகத்தைத் தணித்ததால் உயிர் தப்பி, மார்பில் தோட்டாவுடனேயே மேடையேறி, நம்ப மறுத்தவர்களுக்கு இரத்தம் தோய்ந்த சட்டையைக் காட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். (நீண்ட உரை உயிர் காத்தது அரசியல் வரலாற்றில் அரிது, கேட்போர் உயிரை வாங்குவதே அதன் வழக்கம்.) உலகமே வியந்தது, ஆயினும் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் எதிர்த்துப் போட்டியிட்ட உட்ரோ வில்சனுக்கு 435 கிடைக்க, ரூஸ்வெல்ட்டுக்கு 88 மட்டுமே கிடைத்தன.

தமிழகத்திலோ, 1967 ஜனவரி 12 அன்று சக நடிகர் எம்.ஆர். ராதாவால் சுடப்பட்ட, நடிகரும் தி.மு.க. வேட்பாளருமான எம்.ஜி.ஆர்., கழுத்துக் கட்டுடன் காட்சியளித்த சுவரொட்டிகளே தமக்காகப் பிரசாரம் செய்ய, மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலை சட்டமன்றத் தொகுதியில் வென்றார். எனினும் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் ஆளும் காங்கிரஸை முன்பே தளர்த்தியிருந்தன, சுடப்படாத தி.மு.க. வேட்பாளர்களும் அத்தேர்தலில் நூற்றுக்கு மேற்பட்டோர் வென்றனர்.