பெட்டி வேகமும் மண்டப வேகமும்: கேமரா கேள்வி-பதில்

கே: பெட்டியில் 'விநாடிக்கு 40 படம்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? (பூந்தமல்லி)

ப: நம்பலாம். எந்த ஷட்டரில் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கேனன் ஆர்6 மார்க் 2 எலெக்ட்ரானிக் ஷட்டரில் 40 எடுக்கும், மெக்கானிக்கலில் 12. ஃபிளாஷ் அடிக்க வேண்டுமென்றால் 12-ஐ நம்பித்தான் கல்யாண ஆர்டர் எடுக்க வேண்டும்.

கே: பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் சில விநாடிகளில் கேமரா திணறுகிறது. பழுதா? (அம்பத்தூர்)

ப: பெரும்பாலும் கார்டுதான் காரணம். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று சுமார் 30 எம்பி. விநாடிக்கு 10 படம் என்றால் 300 எம்பி. வி30 கார்டு உறுதி தரும் எழுதும் வேகம் விநாடிக்கு 30 எம்பி, வி90-க்கு 90. படங்களைத் தற்காலிகமாகத் தாங்கும் கேமராவின் உள் நினைவகமான பஃபர் மேல்நிலைத் தொட்டி, கார்டு அதன் குழாய். குழாய் சிறிதாக இருந்து தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தத்தானே வேண்டும்?

கே: கடையிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? (அம்பத்தூர் ஓ.டி.)

ப: தாராளமாக. உங்கள் கார்டையே கொண்டுபோங்கள். ரா, ஷட்டர் 1/500, ஃபோகஸ் மேனுவல். பட்டனை அழுத்திப் பிடித்துக் காதால் கேளுங்கள். 'டகடகடக' என்பது 'டக்... டக்...' ஆகும் இடம்தான் பஃபரின் எல்லை. விரலை எடுத்ததும் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். கார்டு விளக்கு அணையும்வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கேமராவை ஒப்பிட்டால் இரண்டுக்கும் அதே கார்டு, அதே காட்சி.

கே: ஃபோகஸ் வேகத்தைச் சோதிக்க ஆவடியில் எங்கே போகலாம்? (ஆவடி)

ப: டாங்க் தொழிற்சாலை, விமானப்படை மதில் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள், பாதுகாப்புத் துறை இடம். காலையில் பருத்திப்பட்டு ஏரிக்குப் போங்கள். குறுக்கே பறக்கும் கொக்கு சுலபம். உங்களை நோக்கி நேரே வருவதுதான் பரீட்சை. கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கி, கண் கூர்மையாக விழுந்த படங்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு விநாடியில் எடுத்த 20-இல் 8 தேறினால், உங்கள் கேமராவின் வேகம் 8.

கே: எலெக்ட்ரானிக் ஷட்டரில் மண்டபப் படமெல்லாம் பட்டை பட்டையாக வருகிறதே? (திருமுல்லைவாயல்)

ப: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால் அந்த மினுக்கல் பட்டையாகப் பதிகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்குங்கள். எல்லா வரியையும் ஒரே நேரத்தில் பதியும் குளோபல் ஷட்டர் ஃபுல் ஃபிரேமில் முதலில் வந்தது, 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3-இல். அது விநாடிக்கு 120 படம் எடுக்கும்.

கே: கடன் வாங்கியாவது சோனி ஏ9 மார்க் 3-ஐயே வாங்கிவிடட்டுமா? (திருவேற்காடு)

ப: வேண்டாம் தம்பி. கல்யாணத்துக்கு விநாடிக்கு 10 தாராளம். மிச்சப் பணத்தில் நல்ல லென்ஸும் வேகமான கார்டும் வாங்குங்கள். கெட்டிமேளத்துக்குச் சற்று முன்பே விரலை எடுத்து பஃபரைக் காலியாக விடுங்கள். அந்தப் பழக்கத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை.