புதுப் பயிற்சியாளர் மீது ரசிகர் கொள்ளும் மனத்தாங்கல்: கண்டீரவாவை முன்வைத்து ஓர் ஆய்வு

மனத்தாங்கல் என்பது உறவு கொண்டாடுபவரிடம் மட்டுமே தோன்றும் குறை என்பதால், கால்பந்து ரசிகர் தம் அணிக்குப் புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளரை முதல் ஆட்டம் முடிவதற்குள் உறவினராக ஏற்றுவிடுகிறார் என்று கொள்வதே முறை. பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கின் மேற்குப் பகுதியில் கூடும் வெஸ்ட் பிளாக் புளூஸ் என்னும் பெங்களூரு எஃப்சி ரசிகர் கூட்டமும் அதன் சுற்றுவட்டாரமும் இவ்வாய்வின் களமாகும். ஆடுகளத்துக்கும் இருக்கைகளுக்கும் நடுவே தடகள ஓடுதளம் கிடப்பதால் பந்து எங்கே இருக்கிறது என்பதே இங்குச் சில வேளைகளில் புலப்படாது. அத்தொலைவிலிருந்தும் பயிற்சியாளரின் பிழை மட்டும் துல்லியமாகத் தெரிவது ஒளியியல் அறிஞர் இன்னும் விளக்கவேண்டிய செய்தி.

குறை சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். 2013இல் தொடங்கப்பட்ட பெங்களூரு எஃப்சிக்கு முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்த ஆஷ்லி வெஸ்ட்வுட், 2016இல் ஆசியக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதிக்கு அழைத்துச் சென்ற ஆல்பர்ட் ரோகா, 2019இல் இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐஎஸ்எல் கோப்பை வென்ற கார்லஸ் குவாட்ராட் ஆகிய மூவரும் சேர்ந்ததே அந்த அளவுகோல். இதை மூத்த மருமகள் விதி எனலாம். அவள் வைத்த குழம்பின் மணம், அவள் தனிக்குடித்தனம் போன பிறகே ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. தொடர் தோல்விகளுக்குப் பின் 2021 ஜனவரியில் விடைபெற்ற குவாட்ராட்டும் இவ்விதியால் மணம் பெற்றவரே.

விதியைச் சோதிக்க ஏற்ற சான்று, 2022 ஜூனில் பொறுப்பேற்ற ஆங்கிலேயர் சைமன் கிரேசன். வந்த மூன்றே மாதங்களில் மும்பை சிட்டியை 2-1 என வீழ்த்திக் கழகத்துக்கு முதல் டூரண்ட் கோப்பையை அவர் பெற்றுத் தந்தார். கோப்பை வந்தால் மனத்தாங்கல் தணியும் என்பது பாமரர் கருத்து. உண்மையில் அது வட்டிக்குப் போகிறது. ஐஎஸ்எல் லீக்கில் தோல்விகள் அடுத்தடுத்து வந்ததும் 'சப்' குறித்த வாதம் எழுந்தது. சப் எனப்படுவது ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்து மற்றொருவரை இறக்குவது. பயிற்சியாளர் செய்யும்போது அது எப்போதும் பத்து நிமிடம் தாமதமாகவே நிகழும். கிரேசனோ, தொடக்கம் முதல் கழகத்தின் முகமாக விளங்கிய சுனில் சேத்ரியைப் பல ஆட்டங்களில் வெளியே உட்காரவைத்து, காரைக்குடியை அடுத்த கண்டனூர் இளைஞர் சிவசக்தி நாராயணனை முன்னணியில் இறக்கினார். பெலேவுக்குச் சிலை வைத்த கௌதமபுரம் முதலான அல்சூர்ப் பகுதிகளின் தமிழ் ரசிகருக்கு இது இருதலைக்கொள்ளி நிலை. சேத்ரிக்காகப் பயிற்சியாளரை ஏசியாக வேண்டும். ஏசினால் செட்டிநாட்டுப் பிள்ளையின் வாய்ப்பில் மண் விழும். ஒரு காபியை இரு குவளையில் பகிரும் பை-டூ என்னும் பெங்களூரு வழக்கு இதற்கெனவே அமைந்தது போலும்: ஆளுக்கு அரைக் குவளை, ஆளுக்கு ஒரு கட்சி.

இந்நிலையில் அணி லீக்கின் கடைசி எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று நான்காம் இடம் பிடித்தது; சிவசக்தி பருவத்தின் வளரும் வீரர் விருதைப் பெற்றார். முன்னர் வழங்கிய தீர்ப்புகளை ரசிகர் எவரும் திரும்பப் பெறவில்லை. அவற்றைப் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதாக நினைவு தானே திருத்திக்கொண்டது. மனத்தாங்கல் அழிவதில்லை, இருக்கை மாறுகிறது என்பது இதனால் பெறப்படும். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் நடந்த ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகானிடம் பெனால்டியில் தோற்றதும் அது தன் பழைய இருக்கைக்கே திரும்பியது.

அவ்வாண்டு டிசம்பரில் கிரேசன் நீக்கப்பட்டு ஜெரார்ட் சரகோசா வந்தார். குவாட்ராட்டின் உதவியாளராக இருந்தவர், அதாவது மூத்த மருமகளின் கைப்பக்குவத்தை அடுப்படியிலேயே நின்று பார்த்தவர், என்பதால் எதிர்பார்ப்பு மிகுந்தது. பன்னிரண்டு அணிகள் ஆடிய அப்பருவத்தில் பெங்களூருக்குக் கிடைத்தது பத்தாம் இடம்.