தடம்புரளல் இயல்: வயதுக்கேற்ற பொம்மை ரயில் குறித்து ஓர் ஆய்வு

பொம்மை ரயில் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மேல் இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். ஒன்று விலை, மற்றது வயது. விலையைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் வாதாடுகிற அதே ஆள், '8+' என்று அச்சிட்டிருப்பதை வேதவாக்காக ஏற்றுக்கொள்கிறார். அல்லது நம் பிள்ளை கெட்டிக்காரன் என்று சொல்லி, ஐந்து வயதுக்காரனுக்கு அதை வாங்கிவிடுகிறார். இரண்டுமே தவறு என்பது இவ்வாய்வின் துணிபு. ரயில் ஒழுங்காக ஓடும்வரை இரண்டு வயதும் பன்னிரண்டு வயதும் ஒன்றுபோலத்தான் வாய் பிளந்து பார்க்கின்றன. கவிழ்ந்த பிறகுதான் வயது தெரிகிறது. ஆகவே ரயிலை அது ஓடும் அழகை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, கவிழும் விதத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கான அளவுகோலைக் 'கூப்பாட்டு இடைவெளி' எனலாம்: வண்டி தடம்புரண்ட கணத்துக்கும் "அப்பா!" என்ற குரலுக்கும் இடைப்பட்ட நேரம். இடைவெளி நீள நீளப் பொருத்தம் கூடும். குரலே எழாத வீட்டில் தேர்வு முழு வெற்றி. (சில வீடுகளில் "தாத்தா!" என்று வரும், அலகு மாறாது.)

வயதை எண்ணாமல் செயலை எண்ணும் இம்முறை புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தபோது ஒவ்வொன்றுக்கும் செய்கையைக் கொண்டே பெயரிட்டார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். முதலில் அடுத்தவர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைப்பது, பிறகு பறையை முழக்குவது, இறுதியாகத்தான் தேர் உருட்டுவது. உடைத்துத் தீர்க்காமல் ஓட்டும் பருவம் வாராது என்ற உண்மையைப் புலவர்கள் வரிசையிலேயே வைத்துவிட்டார்கள். பெண்பாலில் அம்மானையும் நீராடலும் ஊசலும் உண்டு, சிறுதேர் இல்லை. அது புலவர்களின் குறையே தவிர பெண்குழந்தைகளின் குறையன்று. இன்னும் பழைய சான்றும் உண்டு. உணவைக் கொத்த வந்த கோழியின் மேல் மகளிர் எறிந்த காதணி, சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேரின் வழியை மறித்தது என்கிறது பட்டினப்பாலை. வழித்தடை ஏற்பட்டது, வண்டி நின்றது. ஆயினும் அந்தச் சிறுவர்கள் தந்தையைக் கூப்பிட்டதாகப் புலவர் குறிப்பிடவில்லை. பொருத்தமான வண்டி என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இங்கே ஒரு மறுப்பு எழும்: பெட்டியிலுள்ள வயதை அலட்சியம் செய்யலாமா? கூடவே கூடாது. ஆனால் அது எதைப் பற்றிய எண் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையின் உதிரிகளை 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் போட்டுச் சோதிக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கினால், குழந்தையின் தொண்டையிலும் அடைத்துக்கொள்ளக்கூடும் என்று பொருள். ஆக '3+' என்பது பெரும்பாலும் தொண்டையைப் பற்றிய செய்தி, அறிவைப் பற்றியதன்று. விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடலின் மடிப்புகளுக்கிடையே ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும். பொத்தான் செல் உணவுக்குழாயை அரிக்கும். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இதிலெல்லாம் மறுபேச்சில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பருவத்துக்குச் சன்னபட்டணத்து மர ரயில் போதும்: வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியது, குட்டைக் கயிற்றால் இழுப்பது. தடமே இல்லாததால் தடம்புரள வழியில்லை. சாயும், குழந்தையே நிமிர்த்திவிடும்.

மூன்று வயதுக்கு மேல் தடம் வரலாம், பள்ளமாக வரவேண்டும். ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் 1958 முதல் விற்கும் மரத் தண்டவாளத்தில் சக்கரங்கள் இரண்டு பள்ளங்களில் உருள்கின்றன, கைதான் எஞ்சின். இவ்வயதில் விபத்து தற்செயலன்று, அதுவே நிகழ்ச்சி நிரல். பாலத்தின் உச்சியிலிருந்து வண்டியைத் தள்ளிவிடுவதற்காகவே பாலம் கட்டப்படுகிறது. எடுத்து வைக்க ஒரு கை போதும் என்பதால் கூப்பாடு இல்லை. பெட்டியைத் திருப்பி மாட்டினால் காந்தம் ஒட்டாமல் விலகும். அங்கேதான் முதல் முகச்சுளிப்பும் முதல் ஆராய்ச்சியும் தொடங்குகின்றன. ஜப்பானின் பிளாரயில் போலச் செல் போட்டு ஓடும் வண்டியை இன்னும் ஓரிரு ஆண்டு கழித்து வாங்கலாம். அது குழந்தைக்காகக் காத்திராது, துரத்திப் பிடிக்க வேண்டும்.

ஆறேழு வயதுக்கு என் வாக்கு சாவி கொடுக்கும் தகர ரயிலுக்கு. ஜெர்மனியின் மெர்க்லின் 1891இல் லைப்சிக் சந்தையில் அளவு நிர்ணயித்த தண்டவாளங்களோடு காட்டியதும், இங்கிலாந்தில் ஹார்ன்பி 1920இல் கொண்டுவந்ததும் இவ்வகைதான். முழுச் சாவி கொடுத்தால் முதல் வளைவிலேயே பறந்து விழும், குறைத்தால் பாதி வழியில் நின்றுவிடும். குற்றவாளி யார் என்பது ஓட்டியவருக்கே தெரிந்திருப்பதால் யாரையும் கூப்பிட முகமிராது.

சிக்கல் வருவது ஹெச்.ஓ. அளவில். அசலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. சக்கரத்தைத் தடத்தில் பிடித்துவைக்கும் விளிம்பு, நல்ல மாடல்களில், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நான்கு அச்சுள்ள பெட்டியில் ஒரு அச்சை உட்கார வைத்தால் இன்னொன்று எழுந்துவிடும். ஆறு வயது விரலுக்கு இது ஆகாத காரியம். கூப்பாட்டு இடைவெளி பூஜ்யத்தைத் தொடும். 9 மி.மீ. 'என்' (N) அளவும், 1972இல் வந்த 6.5 மி.மீ. இஸட் அளவும் தரையில் கிடக்கும் ஒரு தலைமுடிக்கே தோற்பவை. 'வளர்ற பிள்ளை, பெரிசாவே வாங்கிடலாம்' என்பார்கள். பள்ளிச் சீருடைக்கு அது சரி, மடித்துத் தைக்கலாம். தண்டவாளத்தை மடித்துத் தைக்க முடியாது. அந்த ரயில் பீரோவின் மேல் ஏறி, நவராத்திரிக்கு மட்டும் இறங்கி, கொலுப் பூங்காவைச் சுற்றும். பக்கத்தில் "தொடாதே" என்ற குரல் நிற்கும். கவிழ்க்கவே அனுமதிக்கப்படாத குழந்தையிடம் எந்த இடைவெளியை அளப்பது? நம்மூர் ரயில் மாதிரியே அச்சு அசலாக வேண்டும் என்பாருக்கும் ஒரு கணக்கு: நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல். 16.5 என்பது ஐரோப்பாவின் 1,435க்கு உரியது. கடையில் கிடைக்கும் அச்சு அசல் ஏறத்தாழ மூன்று மி.மீ. பொய்யோடுதான் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் இவற்றை வாங்கலாம். அப்போது கவிழ்வது துயரமாயிராது, விசாரணைக்குரிய வழக்காகிவிடும்: இணைப்பில் மேடா, வளைவில் வேகமா? "அப்பா!" வரும்தான், ஆனால் அது தடம் மாற்றும் புது பாயிண்ட் வாங்கப் பணத்துக்கு. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கடைசி மறுப்பு: ரயில் வாங்குவதே அப்பாவுக்காகத்தானே? சான்று வலுவானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் கடைக் கண்ணாடிக்குள் வேடிக்கை காட்ட ஒரு மின்சார வண்டியைச் செய்து கொடுத்தார். வந்தவர்கள் கடைச் சரக்கை விட்டுவிட்டு அந்த வண்டியையே விலை கேட்டார்கள். கேட்டவர்கள் பணம் வைத்திருந்த வயதினர் என்பது வெளிப்படை. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வகைப் பெட்டியை அப்பாவின் பிறந்தநாளுக்கே வாங்கிவிடுவது நேர்மை. அவருக்குக் கூப்பாட்டு இடைவெளியை அளக்க இயலாது. கவிழ்ந்ததும், சமையலறையிலிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதற்குள், சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிடுவார்.