பழைய வீடு சார்!

பெசன்ட் நகரில் எங்கள் பக்கத்து மனையில் மூன்று அடுக்கு பேஸ்மென்ட் தோண்டுகிறார்கள். கடல் கூப்பிடு தூரம். ஆறு மோட்டார்கள் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்து வடிகாலில் விடுகின்றன. அதே தெருவுக்குத் தினமும் தண்ணீர் லாரியும் வருகிறது.

எங்கள் கூடத்துச் சுவரில் விரிசல். போன மாதம் ஐம்பது பைசா நுழைந்தது. இப்போது பழைய, தடித்த ஐந்து ரூபாயே போகிறது. எங்கள் வீட்டில் நாணய மதிப்பு ஏறுமுகம்!

"பழைய வீடு சார், அப்படித்தான்" என்றார் மேஸ்திரி. நாற்பது வருஷமாக வீட்டுக்கு அது தெரியாமல் போயிற்று.

வீட்டின் கீழே மணலுக்கிடையே நின்ற தண்ணீரும் பாரம் தாங்கியது. அதை உறிஞ்சினால் சுமை முழுக்க மண்துகள்மேல். அடியில் களிமண் இருந்தால் பிழிந்த துணிபோல ஒடுங்கும். இப்படி நகரமே இறங்குவதை 1921-இலேயே கண்ட ஷாங்காய், 1960-களில் குளிர்காலந்தோறும் கிணறுகளுக்குள் தண்ணீரைத் திருப்பிச் செலுத்தியது. இப்போது அங்கே ஆழக் குழியைச் சுற்றிக் கான்கிரீட் சுவர், வெளியே நீர்மட்டம் பார்க்கக் கிணறு. மட்டம் இறங்கினால் மண்ணுக்குள்ளேயே நீரூட்டுகிறார்கள்.

இதையெல்லாம் விளக்கினேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு டப்பா பட்டி அனுப்பிவைத்தார். விரிசலில் பூச.