வியாழக்கிழமைக் குப்பையும் கிறிஸ்துமஸ் பஞ்சாங்கமும்

இங்கிலாந்து,
4-1-2026
விசுவாவசு வருஷம், மார்கழி 20, ஞாயிறு

மகா கனம் பொருந்திய சித்தப்பா அவர்களுக்கு,

கைபேசியில் இரண்டு வரி தட்டி அனுப்பினால் அதைக் கடிதமாக அங்கீகரிக்க மாட்டேன் என்றும், முப்பத்து நான்கு வருஷம் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக உத்தியோகம் பார்த்தவனுக்கு அந்தச் சீமையின் ஊராட்சி விவகாரங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் பனி பெய்தது, கேக் தின்றோம் என்று எழுதுவது பெரிய அநியாயம் என்றும் தாங்கள் சென்ற ஆடி மாதம் கடிந்துகொண்டது நினைவிருக்கிறது. ஆகையால் இந்தக் கடிதத்தில் கேக்கைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. குப்பையைப் பற்றியே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் தினத்தன்று இந்த தேசம் எப்படி இருக்கும் என்பதை நம் ஊரில் இருந்துகொண்டு ஊகிப்பது கடினம். நம் பண்டிகைகளில் வீதி நிறையும். இவர்கள் பண்டிகையில் வீதி காலியாகும். அன்று ஒரு ரயில்கூட ஓடுவதில்லை. லண்டனின் சுரங்க ரயிலும் உறங்கிவிடும். பெரிய கடைகள் அன்று திறக்கக்கூடாதென்று 2004-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வான்கோழியைத் தின்றுவிட்டு, மாலை மூன்று மணிக்கு ராஜா பேசுவதைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிடுகிறார்கள். இந்த ராஜாவின் பாட்டனாருடைய தகப்பனார் ஐந்தாம் ஜார்ஜ் 1932-இல் ரேடியோவில் தொடங்கிவைத்த வழக்கம் அது. (இதே தேசத்தில் 1647-இல், இது வீண் கேளிக்கை என்று சொல்லிப் பாராளுமன்றமே கிறிஸ்துமஸை ரத்து செய்துவைத்திருந்தது என்பதைச் சரித்திரத்தில் படிக்கும்போது, எந்தச் சட்டத்துக்கும் ஓர் ஆயுசு உண்டு என்றுதான் தோன்றுகிறது.)

இப்படி எல்லாம் நின்றுபோகும் நாட்களில் நிற்காமல் பெருகிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று, அதுதான் குப்பை. அதை அள்ளும் பொறுப்பு கவுன்சிலுடையது. இங்குள்ள தமிழர்கள் குப்பைத் தொட்டியை ஆங்கில வழக்கப்படி 'பின்' என்பார்கள், "பின்னை முன்னால் வைத்தாயா?" என்று என் மனைவி புதன்கிழமை இரவுதோறும் கேட்பதைக் கேட்டால் நம் தமிழ் வாத்தியார் மூர்ச்சையாகிவிடுவார். எங்கள் வீட்டுக்கு நான்கு தொட்டிகள். கறுப்பு, எதற்கும் உதவாததற்கு. நீலம், காகிதத்துக்கும் புட்டிக்கும் தகரத்துக்கும். பழுப்பு, தோட்டத்துச் சருகுக்கு, அதற்குத் தனிக் கட்டணம். மிச்சச் சோற்றுக்கு மூடியுள்ள ஒரு சின்னக் கூடை. சோற்றுக் கூடையை வாரந்தோறும் எடுப்பார்கள். கறுப்பும் நீலமும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அமாவாசையும் பௌர்ணமியும்போல மாறி மாறி வரும். எங்கள் தெருவுக்கு விதித்த கிழமை வியாழன்.

இந்தத் தடவை கிறிஸ்துமஸும் வியாழன், புதுவருஷப் பிறப்பும் வியாழன். இந்தக் கிரக சங்கடத்தை முன்கூட்டியே கணித்து, எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை எந்தக் கிழமையாக மாறும் என்று கட்டம் கட்டமாக அச்சடித்த ஓர் அட்டையை கவுன்சிலார் டிசம்பர் முதல் வாரமே வீடு வீடாகப் போட்டிருந்தார்கள். பாம்புப் பஞ்சாங்கத்தை ஒருவன் படித்தறிந்துவிடலாம். இந்த அட்டையைப் படித்தறிவது எளிதன்று. டிசம்பர் 25-க்குரிய நீலம் 27 சனிக்கிழமை. ஜனவரி 1-க்குரிய கறுப்பு 3 சனிக்கிழமை. 8-க்குரிய நீலம் 9 வெள்ளிக்கிழமை. 15-ஆம் தேதி முதல் பழையபடி வியாழன். பழுப்பு நிறத்துக்கு மட்டும் மாத இறுதிவரை விரதம். இத்தனையையும் நான் ஒருமுறை வாசித்துப் புரிந்துகொண்டதாக மனப்பால் குடித்து, அட்டையைப் பழைய சாமான்களோடு சேர்த்து நீலத் தொட்டியிலேயே போட்டுவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சித்தப்பா, இந்தத் தெருவில் ஒரு ரகசியம் உண்டு. அட்டையை யாருமே படிப்பதில்லை. புதன்கிழமை அந்தி சாய்ந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் திரைச்சீலை ஓர் அங்குலம் விலகும். எதிர்வீட்டுக்காரன் எந்த நிறத்தை வைத்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு அதே நிறத்தை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். முதலில் வைப்பவன் எவனோ அவனே அன்றைய தினத்துக்குத் தெருவின் தலைவன். அந்தப் பதவி எனக்கு வந்து சேர்ந்திருந்த சங்கதியை நான் அறியவில்லை. இந்தியக் குடும்பம், கணக்கில் கெட்டிக்காரர்கள், அட்டையைக் கட்டாயம் படித்திருப்பார்கள் என்று தெருவே என்மேல் விசுவாசம் வைத்திருந்ததாம்.

விளைவைத் தாங்களே யூகிக்கலாம். டிசம்பர் 24 புதன்கிழமை மாலை, மழைத் தூறலில், வழக்கம்போல நீலத் தொட்டியை உருட்டிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். கிறிஸ்துமஸ் காலை எழுந்து ஜன்னலைத் திறந்தால், தெருவின் இரு மருங்கிலும் முப்பது நாற்பது நீலத் தொட்டிகள், ராஜாவின் பவனிக்குக் காத்து நிற்கும் சிப்பாய்களைப்போல அணிவகுத்து நிற்கின்றன. ஒரு லாரியும் வரவில்லை, வரப்போவதுமில்லை. அட்டையைத் தெய்வமாக மதித்துக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரே ஒரு ஜீவன் எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி. எண்பது தாண்டியவள், தனியாக வசிப்பவள். அவள் வாசல் மட்டும் சுத்தமாக இருந்தது. தலையில் காகிதக் கிரீடத்தோடு (அன்று எல்லோரும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்வார்கள்) வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்து, "சனிக்கிழமை, கண்ணே, சனிக்கிழமை" என்று சொல்லிச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு தெரு முழுவதும் கேட்டது.

ஒவ்வொருவராக உடுப்பின்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு தொட்டியைத் திரும்ப இழுத்துப்போக வெளியே வந்தார்கள். நான்கு வருஷமாக இத்தெருவில் தலையசைப்புக்கு மேல் பேசாத மனிதர்கள் அன்று வாசலில் நின்று அரைமணி நேரம் பேசினார்கள். ஒருவர் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார். இன்னொருவர் மின்ஸ் பை என்னும் பணியாரத்தை நீட்டினார். அந்தப் பெயருக்குக் கொத்துக்கறி என்றல்லவா அர்த்தம் என்று நான் தயங்கியதைக் கண்டு, முன்னொரு காலத்தில் உள்ளே ஆட்டுக்கறி இருந்தது உண்மை, இப்போது உலர்ந்த திராட்சைதான் என்று ஆறுதல் சொன்னார். கொழுப்பு மாட்டினுடையதா தாவரத்தினுடையதா என்று நான் கேட்ட பிறகு, டப்பாவைத் தேடி அவர் உள்ளே போக, டப்பா நீலத் தொட்டியில் கிடைத்தது. தாவரந்தான்.

நீலத் தொட்டிக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. பரிசுகளைச் சுற்றிவந்த வண்ணக் காகிதத்தைக் கைக்குள் கசக்கிப் பார்க்கவேண்டும். கசங்கியபடியே கிடந்தால் நீலம். மெல்ல விரிந்து எழுந்தால் அதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது, கறுப்பு. மினுமினுப்புத் தூள் ஒட்டியிருந்தால் சோதனையே வேண்டாம், கறுப்புதான். என் பிள்ளைகள் அன்று மாலை முழுவதும் கசக்கினார்கள். பரிசைவிட அதில்தான் அவர்களுக்கு உற்சாகம் அதிகம்.

மறுநாள் 26-ஆம் தேதியின் பெயர் பாக்ஸிங் டே. குஸ்தி என்று நினைத்துவிடாதீர்கள். தபால்காரருக்கும் வேலையாட்களுக்கும் குப்பை எடுப்பவருக்கும் பெட்டியில் இனாம் கொடுத்த பழைய வழக்கத்தால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். 1871-இல் சட்டம்போட்டு அதை விடுமுறையாக்கினார்கள். நம் ஊர்த் தீபாவளி இனாமேதான்! தீபாவளிக்கு முதல் வாரம் தங்கள் ஆட்கள் வாசலில் வந்து தலையைச் சொறிந்ததும், தாங்கள் அதைக் கண்டும் காணாததுபோல் தெருமுனையில் திரும்பி நின்றதும் எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது இங்கே யாரும் வாசலில் வந்து கேட்பதில்லை. பாட்டி மட்டும் சனிக்கிழமை காலை தொட்டியின் மூடிமேல் ஒரு டப்பா பிஸ்கோத்தை வைத்திருந்தாள். அன்று தெருவில் முதல் தொட்டி அவளுடையது. நாங்கள் அனைவரும் அவளைப் பார்த்துத்தான் வைத்தோம். என் தலைமைப் பதவி பறிபோய்விட்டது.

இன்னொரு சேதி. தெருமுனையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. திறந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் கல்லுப்பு. செஷயர் ஜில்லாவின் வின்ஸ்போர்டில் பூமிக்கு அடியில் வெட்டியெடுப்பது போன்ற பாறையுப்பு. பாதையில் பனி உறைந்து கண்ணாடியாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் அள்ளித் தூவலாம். பெரிய சாலைகளுக்கு லாரியில் வந்து இறைப்பார்கள். ஸ்காட்லாந்தில் அந்த லாரிகளுக்குப் பெயர் சூட்டி விளையாடுவது வழக்கம், பிரிட்னி ஸ்பியர்ஸ் என்ற பாடகியை வைத்து ஒன்றுக்கு கிரிட்னி ஸ்பியர்ஸ் என்றே பெயர். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து நம் வேதாரண்யம் கரையில் உப்பை அள்ளியதற்கு, இதே மகாராஜ்யத்தார் அவரைச் சிறையில் வைத்தார்கள். அந்த ஊரில் பிறந்த நான், அவர்கள் உப்பை இரண்டு கையாலும் அள்ளி அவர்கள் வீதியில் வீசுகிறேன். ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. முதல் தடவை அள்ளியபோது மட்டும் எதற்கும் இருக்கட்டுமென்று இருபுறமும் பார்த்துக்கொண்டேன்.

ஊர்ச் செய்தி வேறு அதிகமில்லை. ரோட்டரி சங்கத்தார் டிராக்டர் இழுக்கும் சறுக்குவண்டியில் கிறிஸ்துமஸ் தாத்தாவை ஏற்றித் தர்ம காரியத்துக்கு உண்டியல் குலுக்கினார்கள். சமூகக் கூடத்தில் பாண்டோமைம் நாடகம். அதில் கிழவி வேஷத்தை மீசை வழித்த ஓர் ஆண்மகன் கட்டுவது சம்பிரதாயமாம். நம் பாய்ஸ் கம்பெனி ஸ்திரீபார்ட்டுக்காரர்களைக் கண்ட குடும்பத்துக்கு இது அதிசயமா? நாளைய தினத்தோடு பண்டிகை அலங்காரங்களை இறக்கிவிடவேண்டும் என்பது இவர்கள் நம்பிக்கை. மரத்தை வாசலில் வைத்தால் எடுத்துப்போய்த் தூளாக்கிப் பூங்காச் செடிகளுக்கு உரமூடாக்காகப் போடுவார்கள்.

பழையபடி வியாழக்கிழமை முறை ஆரம்பிக்கும் 15-ஆம் தேதி நமக்குப் பொங்கல். ஆகவே அதற்கு முந்தின இரவு, போகியன்று, எங்கள் தெரு முழுவதும் கறுப்புத் தொட்டியை வாசலில் வைக்கும். அவர்களுக்கு அது போகி என்று தெரியாது. பாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். தாங்கள் குப்பை இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தராக இருந்ததையும் சொன்னேன். அன்றிலிருந்து தங்கள்மேல் அவளுக்குப் பெருமதிப்பு. அங்கே தெருவுக்கு எந்தக் கிழமை வருகிறார்கள், பண்டிகை வந்தால் எந்த நாளுக்கு மாற்றுகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாங்கள் விவரமாக எழுதி அனுப்பவேண்டும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைப்பாளாம்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

தங்கள் பிரியமுள்ள,
அண்ணன் மகன்