அலமாரி ரொம்பிடுச்சு, நோட்டு எங்க பேராண்டி?

ராஜேஷ்குமார் எழுதின நாவலு ஒண்ணு விடாம சேர்த்துடணும்னு கங்கணம் கட்டிக்கினியாமே பேராண்டி? சந்தோஷம். நம்ம திமிரிப் புள்ளைங்க பாதி விடியக்காலையில ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிக்குது, மீதி செல்போனைத் தடவிகினு குந்திகினு கீது. நீ ஒருத்தன்தான் ஆற்காட்டுப் பழைய பேப்பர் கடையில மூட்டைக்குள்ள தலைய விட்டுகினு கீற. உங்கப்பன் வந்து, "இவன் உருப்படுவானா?"ன்னு என்னைக் கேட்டான். "உருப்படுறவன் செய்யற வேலை இல்லடா இது, ஆனா ஊருக்கு ஒருத்தனாவது செய்யணும்"னு சொல்லி அனுப்பியிருக்கேன். அனுப்பினதுக்குக் கூலியா நாலு வார்த்தை கேட்டுக்க.

மொதல்ல கணக்கு. மனுஷன் கோயமுத்தூர்க்காரரு, 1947ல பொறந்தவரு, சொந்தப் பேரு ராஜகோபால். 1980ல மாலைமதியில 'வாடகைக்கு ஓர் உயிர்' வந்துச்சு. அதுக்கப்புறம் பேனாவை அவரு மூடவே இல்ல. நாவலு மட்டும் 1,500க்கு மேலன்னு சொல்றாங்க, சிறுகதை தனி. வாரத்துக்கு ஒண்ணுன்னு வச்சாலும் இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல ஆவும். நீ தெனம் ஒண்ணு படிச்சாலும் நாலு வருஷம் தாண்டும். ஒரு புஸ்தகம் அரை சென்டிமீட்டர் தடிமன்னு வச்சுக்கோ, 1,500க்கு ஏழரை மீட்டர் அலமாரி வேணும். ஏழரைன்னதும் சனீஸ்வரனை நெனைக்காத. நாளைக்கு உனக்கு வாக்கப்பட்டு வரப்போறாளே ஒருத்தி, அவளை நெனை. அகதா கிறிஸ்டி அம்மாவைச் சேர்க்கிற சீமைக்காரனுக்குத் துப்பறியும் நாவலு 66தான். ஒரு பீரோவுல அடக்கிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கினான். உனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

பெரிய சேகரிப்பாளன்னு பேரு வாங்கச் சுளுவான வழி ஒண்ணு கீது. எந்தப் புஸ்தகத்தையும் படிச்சுத் தொலைக்காத. படிச்சா நேரம் போவும், அட்டை மடங்கும், கொலைகாரன் யாருன்னு வேற தெரிஞ்சுடும். வாங்கின கையோட கண்ணாடித்தாள் போட்டு ஒட்டிடு. வர்ற போறவங்க கிட்ட "எங்கிட்ட ஆயிரம் கீது"ன்னு மட்டும் சொல்லு. எவனாவது வெவரங்கெட்டவன் "விவேக்கும் ரூபலாவும் மொதமொதல்ல எந்தக் கதையில வந்தாங்க?"ன்னு கேட்டான்னா பலமா இருமு. "டீ சாப்புடறியா?"ன்னு பேச்சை மாத்து. இப்படியே காலத்தை ஓட்டினவங்களை எனக்குத் தெரியும், நல்ல மரியாதையோடத்தான் வாழறாங்க.

அந்த மரியாதை உனக்குப் போதும்னா இதோட எழுந்து போ. போதாதுன்னா குந்து.

உங்கிட்ட எத்தினி புஸ்தகம் கீதுன்னு உனக்கே தெரியாது. கோவிச்சுக்காத. மாத நாவலுன்னா அது புஸ்தகம் மாதிரி வேஷம் போட்ட பத்திரிகை. ஜி. அசோகன் நடத்தின 'க்ரைம் நாவல்', 'பாக்கெட் நாவல்' எல்லாம் மாசாமாசம் கடையில தொங்கினது. ஒரு மாசம் ஒரு கதை வரும், இன்னொரு மாசம் ரெண்டு கதை ஒண்ணா வரும். அஞ்சாறு வருஷம் கழிச்சு அதே கதை புது அட்டை போட்டுகினு, புதுப் பொண்ணு படத்தோட மறுபடியும் தொங்கும். நீ அட்டையைப் பார்த்து ஆசையா வாங்குவ. வூட்டுக்கு வந்து மூணாம் பக்கம் தாண்டினா ஏற்கெனவே பார்த்த பொணம்தான் அங்க கெடக்கும். வாங்கினதை எழுதி வச்ச நோட்டு ஒண்ணு பையில இருந்திருந்தா அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

பேரு மாறுற கூத்து தனி. சுஜாதா குமுதத்துல 'கறுப்பு சிவப்பு வெளுப்பு'ன்னு ஒரு தொடர் ஆரம்பிச்சாரு. எதிர்ப்பு கெளம்பி நின்னுபோச்சு. அப்புறம் அதையே மாத்தி 'ரத்தம் ஒரே நிறம்'னு எழுதினாரு. இது ஒரு நாவலா, ரெண்டா? சீமையிலயும் இதே கதிதான். கிறிஸ்டி அம்மா நாவலு ஒண்ணு 1939ல இங்கிலாந்துல ஒரு பேருல வந்துச்சு, அமெரிக்காவுல 'அண்ட் தென் தேர் வேர் நன்'னு வேற பேருல வந்துச்சு. அந்தக் காலத்து நம்ம ஆளுங்க இன்னும் கெட்டி. ஒரே அட்டையில ரெண்டு பேரு வச்சு நடுவுல 'அல்லது' போட்டுடுவாங்க. மறைமலையடிகளே இங்கிலீஷ்காரரு ரெயினால்ட்ஸ் கதை ஒண்ணை எடுத்து 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'ன்னு ஆக்கினவருதான். அந்த 'அல்லது'க்கு இந்தப் பக்கம் கீற பேருக்கு நோட்டுல ஒரு பதிவு, அந்தப் பக்கம் கீற பேருக்கு ஒரு பதிவு, ரெண்டுலயும் 'அதைப் பாரு'ன்னு ஒரு வரி. உன் புத்திசாலித்தனத்தைக் காட்டி எது சரியான பேருன்னு தீர்ப்பு சொல்லக் குந்திடாத. அட்டையில கீறது அட்டையில கீற மாதிரியே ஏறணும், உள்பக்கத்துல வேற மாதிரி இருந்தா அதுவும் ஏறணும்.

எதை எதை எழுதறதுன்னு முழிக்காத. வெள்ளைக்காரன் 1867லயே அச்சகத்துக்கும் புஸ்தகத்துக்கும் ஒரு சட்டம் போட்டான். எவன் அச்சடிச்சாலும் அரசாங்கத்துக்குப் பிரதி குடுக்கணும்னு இருந்துச்சு. அதைப் பதிவு பண்ணி மூணு மாசத்துக்கு ஒரு தபா பட்டியல் போட்டாங்க. தலைப்பு, பாஷை, எழுதினவரு பேரு, அச்சடிச்ச ஊரு, அச்சகம், தேதி, எத்தினி பக்கம், இன்னா சைஸு, எத்தனையாவது பதிப்பு, எத்தினி பிரதி, வெலை இன்னா, உரிமை யாருதுன்னு எல்லாம் அதுல ஏறுச்சு. நம்ம ஆளுங்க இன்னா பேசிக்கிறாங்கன்னு கண்ணு வைக்கத்தான் அவன் அதைச் செய்தான். போவட்டும், நூறு வருஷத்துக்கு முன்னால இன்னா நாவலு வந்துச்சுன்னு தேடறவனுக்கு இன்னிக்கும் அந்தப் பட்டியல்தான் கைகாட்டுது. வேவு பார்த்தவன் எழுதி வச்சான், ஆசையாப் படிச்ச நாம எழுதல. நீ மாத நாவலு சேர்க்கிறவன், அதனால இன்னும் ரெண்டு கட்டம் கூடப் போட்டுக்கோ. எந்த மாசத்து இதழு, கூட வந்த ரெண்டாவது கதை இன்னா. அட்டைப்படம் யாருதுன்னு பேரு போட்டிருந்தா அதையும் எழுது.

அப்புறம் புஸ்தகம் இன்னா நெலமையில கீதுன்னு ஒரு கட்டம். இதை நான் தோல் ஷாப்பில செலக்‌ஷன் மேஜையில நின்னவனாச் சொல்றேன். அங்க ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துல விரிச்சுப் போட்டுப் பார்ப்போம். உண்ணி கடிச்ச புள்ளி, முள்ளு கீறின கோடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கிறப்போ கத்தி எறங்கின வெட்டு, அத்தனையும் பார்த்துத்தான் ஒண்ணாம் செலக்‌ஷன், ரெண்டாம் செலக்‌ஷன்னு ஒதுக்குவோம். ஓட்டை கீற தோலு தப்பில்ல, அதுக்கும் ஒரு வேலை கீது, வாங்க ஒரு ஆளு கீறான். ஓட்டையை மறைச்சு ஒண்ணாம் நம்பர்ல தள்ளுறதுதான் தப்பு. உன் புஸ்தகமும் அப்படித்தான். கடைசி ரெண்டு பக்கம் இல்லன்னா 'இல்ல'ன்னு எழுது. வாடகை நூலகத்து முத்திரை இருந்தா அதை அழிக்காத, எந்த ஊரு முத்திரைன்னு எழுது. எவளோ ஒரு புண்ணியவதி பன்னெண்டாம் பக்கத்துல "இவன்தான் கொலைகாரன்"னு பேனாவால எழுதி வச்சிருப்பா, அவளையும் விடாத. அந்த ஊருல இந்தக் கதையைப் படிச்சு எரிஞ்சு விழுந்தவ ஒருத்தி இருந்தாங்கறதுக்கு அவதான் சாட்சி.

வூட்டுப் பொம்பளைங்க வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழிச்சுக் கிழிச்சு சேர்த்து பைண்டு பண்ணி வச்சாங்களே, அதை ஏளனமாப் பார்க்காத. ஓவியர் ஜெயராஜ் படத்தோட சுஜாதா கதையைப் பார்க்கணும்னா அந்த பைண்டுலதான் பார்க்கணும், பின்னால வந்த புஸ்தகத்துல படம் இருக்காது. ஆனா பைண்டு பண்றவரு சுத்தக்காரரு, ஓரத்தைச் சேர்த்து வெட்டிடுவாரு, இதழ் தேதியும் அதோட போயிடும். தேதி போச்சேன்னு ஒப்பாரி வைக்காத. பின்பக்கத்தைத் திருப்பு. எந்த சினிமா விளம்பரம் கீது, எந்தத் தீபாவளி ஜவுளி விளம்பரம் கீதுன்னு பாரு, வருஷம் தானா வந்து நிக்கும்.

தாளைப் பத்திச் சொல்லணும். மாத நாவலு நியூஸ்பிரிண்ட்டுல அடிச்சது. பஸ்ஸுல ஏறினா எறங்கறதுக்குள்ள படிச்சு முடிக்கணும்னு செஞ்ச சரக்கு, அதைப் பேரனுக்குன்னு எவனும் செய்யல. மரக்கூழுலயே புளிப்பு கீது, வெயிலும் காத்தும் பட்டா பழுத்து ஒடியும். நடுவுல அடிச்ச பின்னு துரு ஏறித் தாளையே தின்னுடும். பின்னைப் பக்குவமா எடுத்துட்டு நூலு போட்டுத் தை. ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் வைப்பாங்க. வை, ஆனா அதை நம்பி ஆறு மாசம் தொறக்காம இருந்துடாத. செலோடேப்பு ஒட்டினன்னு கேள்விப்பட்டேன், கையை ஒடிப்பேன். மெட்ராஸு மூர் மார்க்கெட்டுல மலையாட்டம் பழைய புஸ்தகம் குமிஞ்சு கெடந்துச்சு, 1985ல ஒரே தீயில போச்சு. அதுக்குள்ள இன்னா இன்னா இருந்துச்சுன்னு எவன் கிட்டயும் பட்டியல் இல்ல. புஸ்தகம் எரிஞ்சாலும் பட்டியல் இருந்தா, இன்னொரு பிரதியைத் தேடவாவது ஒரு பேரு கெடைச்சிருக்கும்.

அத்தனையும் ஸ்கேன் பண்ணி ஊருக்கெல்லாம் பிடிஎஃப் அனுப்பித் தமிழுக்குச் சேவை செய்யப்போறேன்னு சொன்னியாமே. எழுதினவரு கண்ணு முன்னால கீறப்பவே அவரு பொழப்புல கையை விட்டுட்டு அதுக்குச் சேவைன்னு பேரு வைக்கிற உன் தைரியத்தை மெச்சறேன். எழுதினவரு காலம் முடிஞ்சு 60 வருஷம் வரைக்கும் உரிமை அவரு குடும்பத்துக்குத்தான்னு சட்டம். அட்டவணையை ஊருக்கே குடு, கதையைக் காசு குடுத்து வாங்கச் சொல்லு.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைத் தெரியுமா? சைன்போர்டு எழுதற தொழிலு அவருக்கு. புஸ்தகம், பத்திரிகையோட நிக்காம நாடக நோட்டீஸு, கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்தாரு. ஊரு சிரிச்சிருக்கும், சிரிக்காம இருக்குமா? அவரு 1992ல போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச்சு, 1994ல அவரு பேருலயே மெட்ராஸுல ஆராய்ச்சி நூலகம் வந்துச்சு. சரக்கு வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறாம இங்கயே நின்னுச்சு. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. இது ஒசத்தி, அது மட்டம்னு பார்க்காம எடுத்தாரு, அதான் இன்னிக்கு அவரு பேரு நிக்குது. உன் க்ரைம் நாவலையும் நாளைக்கு ஒரு வாத்தியாரு தேடிகினு வருவாரு. பார்த்துகினே இரு. 2008லயே பிளாஃப்ட்னு மெட்ராஸு பதிப்பகம் ஒண்ணு நம்ம மாத நாவலுக் கதைங்களை இங்கிலீஷுல தொகுத்துப் போட்டுச்சு, இங்கிலீஷு படிச்சவங்க வாயைப் பொளந்தாங்க. நம்ம ஊரு பெட்டிக்கடையில தொங்கினப்போ அவங்களே மூக்கைப் பொத்தினாங்க.

கடைசியா ஒண்ணு, இதைச் சொல்லத்தான் குந்த வச்சேன். கோயமுத்தூர் வரைக்கும் வலை வீசறியே, காலடியில கீறதைப் பார்த்தியா? நம்ம திமிரியைப் பத்திக் கேட்டா, 1751ல கிளைவ் வந்து கோட்டையைப் புடிச்சான்னு கிளிப்புள்ளை கணக்காச் சொல்லுவ. ஆற்காட்டுல இருந்து ஆரணி போற ரோட்டுலதான நம்ம ஊரு கீது? அந்த ஆரணி பேரைச் சொமந்துகினு ஒருத்தரு இருந்தாரு, குப்புசாமி முதலியாரு. உன் ராஜேஷ்குமார் பொறக்கறதுக்கு இருபத்திரெண்டு வருஷம் முன்னால, 1925ல போய்ச் சேர்ந்துட்டாரு. 75 நாவலுக்கு மேல எழுதினவரு. 'இரத்தினபுரி இரகசியம்' பாகம் பாகமா வந்துச்சு, 'மஞ்சள் அறையின் மர்மம்' அவருதுதான். ரெயினால்ட்ஸு, கோனன் டாயிலுன்னு சீமைச் சரக்கை எடுத்து, நம்ம ஆளுங்க பேரு வச்சு, வேட்டி கட்டி விட்டவரு. காப்பின்னு மூக்கைச் சுளிக்காத. தமிழ்ல துப்பறியும் கதைக்கு வாசகனைச் சேர்த்துக் குடுத்தவங்கள்ல அவரு ஒருத்தரு. அவரு ஆசிரியரா இருந்த 'ஆனந்தபோதினி'யை 1915ல ஆரம்பிச்சவரு நாகவேடு முனுசாமி முதலியாரு, அந்த நாகவேடும் அரக்கோணம் பக்கம்தான். தமிழ் மர்மக் கதைக்கு உரம் போட்ட ரெண்டு பேரு நம்ம ஜில்லாவைச் சுத்திகினு கீறாங்க. நம்ம ஊரு டீக்கடையில அவங்க பேரைச் சொல்லிப் பாரு, எந்த வார்டு கவுன்சிலருன்னு கேப்பானுங்க.

குப்புசாமி முதலியாரு எழுத்துக்கு உரிமைக் கெடு முடிஞ்சு எத்தினியோ வருஷம் ஆச்சு. ஸ்கேன் பண்ணணும்னு கையி அரிக்குதுன்னா அதுல பண்ணு, எவனும் கேக்க மாட்டான். தமிழ் மின்னூலகத்துல ஏற்கெனவே இன்னா ஏத்தியிருக்காங்கன்னு மொதல்ல பார்த்துட்டு, இல்லாததைத் தேடு. ஞாயித்துக்கிழமை ஆரணி பஸ்ஸு ஏறு. நெசவுத் தெருவுல, பழைய ஓட்டு வூடுங்கள்ல பரண்மேல ஏதாவது கீதான்னு மரியாதையாக் கேளு. "கிழவன் அனுப்பினான்"னு சொல்லாத, அங்க எனக்கு ஒரு பழைய கடன் பாக்கி நிக்குது. கெடைக்கிற மொத புஸ்தகத்தை நோட்டுல ஒண்ணாம் நம்பரு போட்டு எழுது, ராஜேஷ்குமார் கோவிச்சுக்க மாட்டாரு. நோட்டு வாங்கக் காசு இல்லன்னா எங்கிட்ட வா, தரேன். புஸ்தகம் வாங்கக் காசு கேட்டுகினு மட்டும் வந்துடாத.