சிற்றறைப் பிரகரணம்

விமானம் மாறுவதற்காக அந்நிய ஊரில் ஓரிரவைக் கழிக்க நேர்ந்தவன், அவ்வூரைக் கண்ணாலும் காணாமல், விமான நிலையத்தின் உள்ளேயே மணிக்கணக்கில் வாடகை பேசித் தங்குகின்ற சிற்றறையைக் குறித்து முறையான ஆராய்ச்சி ஒன்று தமிழில் இருந்தே தீரவேண்டும். அதிலும், வேலூர் தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஈறாகப் பாலாற்றுப் படுகையில் தோல் பதனிட்டு, அதன் மாதிரித் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மிலான் நகரத்துச் சந்தைக்கும் ஹாங்காங் சந்தைக்கும் பறந்து திரும்புகின்ற பிரதேசத்திலிருந்தே அவ்வாராய்ச்சி புறப்படுதல் நியாயமாகும். தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் முப்பதாண்டு கணக்கெழுதியவனும், முதலாளி ஹாஜியாரின் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழெட்டு முறை இவ்வறைகளில் படுத்தெழுந்தவனும் ஆகிய அடியேன் அப்பணியை மேற்கொள்வதில் தகுதிக் குறைவு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

முதலில் பெயர்ப் பொருத்தம். அறை என்னும் சொல் வீட்டின் ஒரு பகுதியையும் குறிக்கும், கன்னத்தில் விழுவதையும் குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்றே இளமையில் எண்ணியிருந்தேன். அடுக்கடுக்காகப் பொருத்திய பொந்துகளில் ஒன்றினுள், இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசி அலறக் கேட்டு, சொந்த வீட்டுக் கட்டில் என்ற ஞாபகத்தில் நிமிர்ந்தெழுந்து, மேற்பலகையில் நெற்றி மோதிய அந்த க்ஷணத்தில்தான், ஒரே சொல்லுக்குள் இரண்டையும் வைத்துப் போன முன்னோரின் தீர்க்கதரிசனம் எனக்கு விளங்கிற்று. அகம், புறம் என்னும் பழம் பாகுபாடும் இங்கே செவ்வனே பொருந்துகிறது. குடிநுழைவு அதிகாரியின் மேசைக்கு இப்பால், விமானம் ஏறும் பக்கத்திலேயே இருக்கும் விடுதி அகம். முத்திரை குத்தப்பெற்று வெளியேறிய பின் சேரும் விடுதி புறம். விசா இல்லாதவனுக்குப் புறம் கிட்டாது. அந்த விசாவும் இல்லாமல், பெட்டியை மட்டும் வெளியே போய் எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டிய நிலையில் அகப்பட்டவனுடைய கதை பாலைத்திணையில் அடங்கும்.

இனிச் சரித்திரம். வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது நமக்குப் புதிதன்று. தஞ்சை சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரத்தில் இடத்தோடு சோறும் இலவசமாகவே கிடைத்தது. இடத்தைச் சுருக்கும் வித்தையை உலகுக்குக் காட்டியவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. 1979-இல் ஒசாகா நகரத்தில் அவர் அமைத்த விடுதியில், ஆளுக்கு ஒரு படுக்கையளவுப் பெட்டியே அறையாயிற்று. பின்னர் 2007-இல் லண்டனை அடுத்த காட்விக் விமான நிலையத்தில் சைமன் உட்ராஃப் என்பவர், விமானத்து முதல் வகுப்பின் படுக்கை வசதியைக் கண்டு பிறந்த யோசனையால், யோட்டெல் என்னும் சிற்றறை விடுதியைத் திறந்தார். குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு வாடகை என்ற வழக்கமும் அங்கே ஏற்பட்டது. இவரே அதற்கு முன்பு, ஓடுகின்ற பட்டையில் ஜப்பானியப் பலகாரத் தட்டுகளைச் சுற்றவிட்டு விற்ற உணவகங்களால் பெயர் பெற்றவர் என்பதை ஆராய்ச்சியாளர் கவனித்தல் வேண்டும். விமான நிலையத்தில் பெட்டிகள் பட்டையில் சுற்றிவருவதைப் பார்க்கும்போதெல்லாம் இத்தொடர்பு என் மனத்தை உறுத்துகிறது. நம் தேசத்தில் 2021-இல் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்திலும் இவ்வகை விடுதி வந்துவிட்டது.

இவை எல்லாம் பூர்வாங்கமே. எங்கள் பிரதேசத்து ஆராய்ச்சிக்கென உரியது அளவையியல். தோல் வியாபாரத்தில் பொருளின் விலை சதுர அடியில் பேசப்படுவது. அளவு மெஷினில் நுழைத்தெடுத்த தோல் ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் கணக்கு எழுதப்பட்டிருக்கும். ஆட்டுத்தோல் நாலு முதல் ஐந்து சதுர அடி. நம் பக்கத்து மாட்டுத்தோல் ஏறத்தாழ இருபது. இக்கண்கொண்டு நோக்குங்கால், ஏழு சதுர மீட்டர் உள்ள யோட்டெல் சாதாரண அறை எழுபத்தைந்து சதுர அடியாகிறது. அதாவது, படுக்கை, குளியல், கழிப்பிடம் அனைத்தும் சேர்த்துப் பதினைந்து பெரிய ஆட்டுத்தோல். இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஜப்பானியப் பொந்தோ இருபத்தொன்றரை சதுர அடி, ஒரே மாடு. இவ்வளவில் நின்றிருந்தால் ஆராய்ச்சி சாதாரணமானதாக முடிந்திருக்கும். ஆனால் வளர்ந்த மனிதன் ஒருவனுடைய மேனித் தோலின் பரப்பு ஒன்றே முக்கால் முதல் இரண்டு சதுர மீட்டர் என்று வைத்திய நூல்கள் கணக்கிடுவதை, ஷாப்புக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் சதுர அடியாக்கிப் பார்த்தபோது ஏறத்தாழப் பத்தொன்பதுக்கும் இருபத்தொன்றரைக்கும் இடையே வந்தது. ஆகவே அப்பொந்தில் படுப்பவனுக்குக் கிடைக்கும் தரை, அவன் உடுத்தி வந்த தோலை விரித்துப் போட்டால் அனேகமாக நிறைந்துவிடும். கடும் பேரத்துக்குப் பெயர்போன பெரியமேட்டுத் தோல் மண்டியில்கூட இவ்வளவு நெருக்கி அளந்து கொடுத்ததை நான் கண்டதில்லை.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழக்கூடும். வேலூர் காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருவோரை நம்பி நிற்கும் லாட்ஜுகளில் இதனினும் குறுகிய அறைகள் உண்டே, அதற்கு ஏன் விமானம் ஏற வேண்டும் என்பர். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய அந்த லாட்ஜுகளின் சிறுமையை நான் மறுக்கவில்லை. எனினும் அங்கே தாழ்வாரத்தில் எவளோ ஒரு தாய் கடுகெண்ணெயில் மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். பக்கத்து அறைக்காரர் தம் மைத்துனரின் ரத்தப் பரிசோதனை முடிவை நம் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். மூன்றாம் நாள் சொந்தக்காரராகிவிடுவார். விமான நிலையத்துச் சிற்றறையிலோ, அரை அங்குலச் சுவருக்கு அப்பால் இருமுபவர் எந்த தேசத்தவர் என்பதுகூட இருமலைக் கொண்டே அனுமானிக்கத்தக்கது. ஆகவே சிறுமை ஒன்றே லக்ஷணமாகாது என்பது சித்தாந்தம்.

அப்படியாயின் லக்ஷணம் யாது? அதற்கு விடை சொன்னவர் எங்கள் ஹாஜியார். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்து அறைக்குள், ஜன்னல் என்பதே இல்லாத இடத்தில், ஊதா விளக்கொளியில் நாங்கள் இருவரும் நுழைந்தோம். ஒருவர் நின்றால் மற்றவர் படுக்கையில் ஏறிக்கொள்ள வேண்டும். மேற்கூரையில் கிப்லா திசைக்கு அம்புக்குறி ஒட்டியிருந்தது. அதன்படி தொழுகை விரிப்பைப் போட முயன்றால், அதன் தலைப்பக்கம் குளியலறைக் கதவினுள் போயிற்று. நான் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின்மேல் சம்மணமிட்டு அமர, அவர் ஒருவாறு தொழுது முடித்து, ஆம்பூரிலிருந்து வந்த பிரியாணிப் பொட்டலத்தைத் திறந்தார். மாதிரித் தோலின் வாசனையும் சீரக சம்பாவின் வாசனையும் எழுபத்தைந்து சதுர அடிக்குள் கலந்தன.

"இன்னா கணக்குப்பிள்ளே, இது ரூமு இல்லப்பா, டிரம்மு" என்றார்.

விளையாட்டாகச் சொன்னதெனினும் சாஸ்திரார்த்தமாகவே சொன்னார். பச்சைத் தோல் சுண்ணாம்பு டிரம்மில் ஓரிரவு கிடக்கும். இரவெல்லாம் அது ஓயாமல் சுழல்வதில்லை, மணிக்கு ஐந்து நிமிடம் சுழன்று, மிச்ச நேரம் சும்மா நிற்கும். பின்னர் குரோமிலும் ஓரிரவு. எடுத்து நீர் வடியக் கட்டையில் அடுக்கிய பிறகும் ஓரிரவு. இவ்விரவுகளில் ஒன்றையேனும் அவசரப்பட்டுக் குறைத்தால் தோல் பதமாகாது. எங்கள் முன்னோர் ஆவாரம்பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவைத்து லண்டனுக்கு அனுப்பிய காலத்தில், தோலும் கப்பலில் வாரக்கணக்கில் போயிற்று, மனிதனும் அப்படியே போனான். குரோம் டிரம்மும் விமானமும் வந்தபின் இரண்டுக்கும் ஓரிரவே எஞ்சியது. அவ்வறையில் நானும் மணிக்கு ஐந்து நிமிடம் புரண்டு, மிச்ச நேரம் கண்விழித்துக் கிடந்தேன்.

தோல் பதமாயிற்றா என்றறிய ஷாப்பில் ஒரு சோதனை உண்டு: ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கி, கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போடுவார்கள்; சுருங்காமல் நின்றால் பதம், சுருண்டால் மறுபடியும் டிரம். விடியற்காலை நாலு மணிக்கு, அலமாரியளவே இருந்த கண்ணாடிக் குளியலறையில் நான் நின்று குழாயைத் திருக, தண்ணீர் என்ற பேச்சே இன்றிக் கொதிநீர் தலைமேல் கொட்டிற்று. விலக இடமில்லை; முழங்கை கண்ணாடியில் இடிக்க, அலறிக்கொண்டு குந்தினேன்.

கதவுக்கு வெளியே ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டே எட்டிப்பார்த்தார்.

"சுருண்டுட்டியே. இன்னும் பதம் ஆவல. அடுத்த பிளேன் எத்தினி மணி நேரம்?"

"ஆறு மணி நேரம், முதலாளி."

"சரியா இருக்கும்" என்றார்.